பிஸ்கட் டின்னும் காந்தாரமும்

"இந்தப் பிள்ளைகளுக்கு இது போதும்" என்ற பேச்சு எனக்கு ஒத்து வருவதில்லை. சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னால் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசிவிடலாம். பாசத்தோடு சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றுவிட வேண்டியிருக்கிறது. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கொப்பி போதும், இந்தக் கட்டடம் போதும், இந்த ஆசிரியர் போதும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனால் அந்தப் பேச்சை ஒரு வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சொன்னதுதான் இன்றுவரைக்கும் எனக்குச் செரிக்கவில்லை.

ஒரு பாடசாலைக் கண்காட்சி. கழிவுப் பொருட்களில் செய்த ஆக்கங்களை மேசை மேசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒரு கிட்டார். சப்பாத்துப் பெட்டியில் வட்டமாக ஒரு துளை, மேலே நான்கு ரப்பர் பேண்ட், மட்டையில் ஒரு கழுத்து, அதில் ஃபெல்ட் பேனாவால் கோடு கோடாக வரைந்த மெட்டுகள், அதாவது கம்பியை விரலால் அழுத்தும் இடத்துத் தடுப்புகள். வர்ணமெல்லாம் அழகாகப் பூசியிருந்தது. அதைச் செய்த பையன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவனிடம் கேட்டதை அவன் செய்திருக்கிறான். வந்திருந்த விருந்தினர் அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டார். என்னோடு வந்திருந்த ஒரு பிள்ளை பக்கத்தில் போய், "இதுல பாட்டு வாசிக்க ஏலுமா?" என்று கேட்டாள். அவர் ரப்பரை ஒருமுறை சுண்டிவிட்டுச் சிரித்தபடி, "பாட்டெல்லாம் எதுக்கும்மா, கற்பனை வளர்ந்தா சரி. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது போதும்" என்றார். அந்தக் கிட்டாருக்குப் பரிசும் கிடைத்தது. அவள் கேட்டது மட்டும் அந்த மேசையிலேயே கிடந்தது.

ரப்பர் பேண்டில் பாட்டு வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது. கம்பியை முறுக்கினால் இழுவிசை கூடும், சுருதி ஏறும். ரப்பரை இழுத்தால் இழுவிசை கூடுகிறதுதான், ஆனால் கூடவே அது நீள்கிறது, மெலிகிறது. ஒன்று சுருதியை ஏற்றப் பார்க்க இன்னொன்று இறக்குவதால், எவ்வளவு இழுத்தாலும் சுருதி பெரிதாக அசைவதில்லை. அதற்குச் சுருதி சேர்க்க முடியாது. சுருதி சேர்க்க முடியாத ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து இதுதான் வாத்தியம் என்றால், தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். என் கோபமெல்லாம் அங்கேதான். எங்கள் தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் பின்னேரம் பின்னேரமாகப் பாட்டு வகுப்பு எடுக்கிறவன் நான். "எனக்குச் சுருதி வராது சேர்" என்று சொல்லிக்கொண்டே வரும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேருக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. சுருதியோடு நிற்கும் ஒரு பொருளை அவர்கள் கையால் தொட்டதே இல்லை, அவ்வளவுதான்.

டின், ரீப்பர், இரண்டு கம்பி

சரி, மலிவாகவே செய்வோம், ஆனால் வாசிக்கக் கூடியதாகச் செய்வோம் என்று அந்தப் பிள்ளையையும் இன்னும் சிலரையும் சேர்த்துக்கொண்டு தொடங்கினேன். முதலில் டின். கிரீம் கிராக்கர் வரும் சதுர டின் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கும். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் அதற்குள்தான் கிடக்கும். அதனால் கேட்டவுடன் யாரும் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள், துருப்பிடித்தது பார்த்துத்தான் வாங்க வேண்டும். வட்டமான பால்மா டின்னிலும் செய்யலாம். ஆனால் அதன் முகம் சின்னது, சத்தமும் சின்னதாகத்தான் வரும். சதுர டின்னைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை முகமாக வைத்துக்கொள்வது நல்லது. மூடிப் பக்கத்தை முகமாக வைத்தால் மூடி எங்கேயாவது உராய்ந்து கிர்ரென்று ஒரு சத்தம் கூடவே வந்துகொண்டிருக்கும்.

கழுத்துக்குக் கூரை வேலையில் மிஞ்சிய, இரண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குல ரீப்பர். மலையில் நிழலுக்கு நிற்கும் சவுக்கு (சில்வர் ஓக்) மரத்தில் அறுத்தது கிடைத்தால் போதும், நேராகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். இந்த ரீப்பர் டின்னின் ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கத்தால் வெளியே வர வேண்டும். மொத்த வேலையிலும் விட்டுக்கொடுக்கவே கூடாத விசயம் இது. கிட்டாரின் இரண்டாவது கம்பியை ஐந்து கட்டைக்கு (மேற்கத்திய G சுரத்துக்கு) சுருதி சேர்த்தால் அது ஐந்து கிலோவுக்கும் மேலே இழுக்கும். இரண்டு கம்பி என்றால் பத்துக் கிலோவைத் தாண்டிவிடும். கழுத்தை டின்னின் ஓரத்தில் ஆணி வைத்து அடித்தால் இரண்டே நாளில் தகரம் வளைந்து கம்பி தளர்ந்துவிடும். கழுத்து ஊடே போனால் இழுப்பு முழுவதையும் மரம் தாங்கிக்கொள்ளும், டின் கம்பியைத் தாங்கி நிற்கும் குதிரையின் அழுத்தத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அதிரும். உள்ளே போகும் பகுதியில் முகத்தைத் தொடாதபடி மரத்தைக் கொஞ்சம் செதுக்கிவிட வேண்டும். மரம் தொட்டால் அதிர்வு அங்கேயே செத்துவிடும். தகரம் வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி உள்பக்கம் மடித்துவிடாமல் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

தலைப்பக்கம் கம்பி ஏறி உட்காருவதற்கு ஒரு போல்ட் போதும். மரையின் பள்ளமே கம்பியைப் பிடித்துக்கொள்ளும், தனியாக வெட்டத் தேவையில்லை. குதிரைக்கு மூங்கில் துண்டு. சிரட்டையிலும் செய்து பார்த்தோம், சத்தம் இன்னும் கணீரென்று வந்தது, ஆனால் அதன் வளைவைத் தட்டையாக்கத் தேய்த்துத் தேய்த்துக் கை காய்த்துப் போகும். கம்பியை முறுக்கும் பிருடைக்கு ஹாட்வெயாரில் வாங்கிய கண் வைத்த போல்ட், பின்னால் சிறகு வைத்த நட். பழுதான கிட்டாரில் கழற்றிய சாவி கிடைத்தால் இன்னும் நல்லது.

கம்பியில்தான் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தங்கூஸ் (நைலோன்) நூலைக் கட்டிப் பார்த்தோம். மெதுவான, இனிமையான சத்தம், ஆனால் டின்னை அதிர வைக்க அதற்குப் பலம் போதவில்லை. த்ரீவீல் கராஜிலிருந்து பையன்கள் அறுந்த கிளட்ச் கேபிளைக் கொண்டுவந்தார்கள். அதைப் பிரித்தால் தலைமுடி மாதிரி மெல்லிய இழைகள் வரும். ஆனால் பிரித்த பிறகும் முறுக்கு அதில் தங்கியிருக்கும். ஒரு கம்பி நீளம் முழுக்க ஒரே தடிப்பாகவும் நேராகவும் இல்லையென்றால் அதன் சுரமும் ஒரு இடத்தில் நிற்காது. கம்பிக்கு மட்டும் காசு செலவழிப்பது என்று முடிவெடுத்தோம். கிட்டார்க் கம்பியைத் தனித்தனியாக விற்கும் கடைகள் டவுனில் இருக்கின்றன. இரண்டாவது கம்பியே இரண்டு. ஒன்றில் பாட்டு, மற்றது சும்மா ஆதார சுரமான ஷட்ஜத்தைச் சொல்லிக்கொண்டே இருக்க. பாட்டுக்குப் பின்னால் சுருதி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது நமக்குக் காதோடு வந்த பழக்கம். அந்த இரண்டாவது கம்பியை வீண் செலவு என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அதுதான் முதல் கம்பி.

நான்கு மில்லிமீற்றர்

மெட்டுகளை எங்கே வைப்பது? போனில் தேடினால் கிட்டார் மெட்டுக் கணக்கு கிடைக்கும். கம்பியின் நீளத்தை 17.817ஆல் வகுத்து வருவது முதல் மெட்டின் தூரம். மிச்சமுள்ள நீளத்தைத் திரும்பவும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே பன்னிரண்டு முறை போனால் சரிபாதியில் வந்து நிற்கும். எங்கள் கம்பி போல்ட்டிலிருந்து குதிரை வரை 60 சென்டிமீற்றர். மோகன ராகத்துக்கு வேண்டிய ஐந்து மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். ரிஷபம் 6.5, காந்தாரம் 12.4, பஞ்சமம் 20, தைவதம் 24.3, மேல் ஷட்ஜம் 30. ஐந்தே மெட்டில் தொடங்குவதற்குக் காரணம், மோகனத்தில் எங்கே கை வைத்தாலும் காதுக்கு இடறாது, பிள்ளைகள் தெரிந்த சினிமாப் பாட்டுகளை உடனே தேடத் தொடங்கிவிடுவார்கள். மெட்டுகளை அப்போதைக்கு ஒட்டவில்லை. ஈர்க்கைத் துண்டு துண்டாக வெட்டித் தங்கூஸ் நூலால் கழுத்தில் கட்டினோம். சிதாரில் மெட்டு கட்டுவதும் நூலால்தான், வேண்டிய பக்கம் நகர்த்தலாம்.

கம்பியை மெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் கூடுதலாக இழுபடுவதால் சுருதி சற்று ஏறும். அதைச் சரிக்கட்டக் குதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும். எவ்வளவு என்பதையும் காதே சொல்லிவிடும். சரிபாதியில் கம்பியை அழுத்தாமல் சும்மா தொட்டுச் சுண்டினால் மணிபோல் ஒரு சுரம் எழும், பிறகு அதே இடத்தில் அழுத்திச் சுண்ட வேண்டும். அழுத்தியது ஏறி நின்றால் குதிரை இன்னும் பின்னுக்குப் போக வேண்டும். இரண்டும் ஒன்றாகும்வரை நகர்த்தி, அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டோம். மேல் ஷட்ஜம் சரியாக நின்றது. போனில் சுருதி பார்க்கும் செயலியும் எல்லா மெட்டுக்கும் பச்சை காட்டியது.

அன்றைக்கு நிலையத்துக்குப் பேப்பர் பார்க்க ஒரு தாத்தா வந்திருந்தார். மாசி மாதக் காமன் கூத்தில் ஒரு காலத்தில் முன்னின்று பாடியவர். இப்போது பாடுவதில்லை, மூச்சு இடம் கொடுப்பதில்லை. பிள்ளைகள் மெட்டு மெட்டாக ஏறி இறங்குவதை வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ரெண்டாவது எடம் இருக்கே, அது ஒட்டமாட்டேங்குது. கொஞ்சம் ஏறி நிக்குது." செயலி சரி என்கிறதே என்று போனைக் காட்டினேன். அவர் போனைப் பார்க்கவே இல்லை. "அது என்ன சொல்லுதோ எனக்குத் தெரியாதுப்பா. சும்மா ஓடுற கம்பியோட சேத்துக் கேளு."

கேட்டேன். இரண்டு கம்பியையும் சேர்த்துச் சுண்டிவிட்டுக் காதை டின்னில் வைத்தேன். பஞ்சமம் ஷட்ஜத்தோடு அசையாமல் நின்றது. காந்தாரம் நிற்கவில்லை, உள்ளே ஒரு உரசல், சத்தம் படபடவென்று அலைந்துகொண்டிருந்தது. தாத்தா கிட்ட வந்து உட்கார்ந்தார். அந்தப் பிள்ளை ஈர்க்கை நகத்தால் தலைப்பக்கம் தள்ளத் தள்ள, நான் சுண்டிக்கொண்டே இருந்தேன். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... போகாத, திரும்பி வா... அங்கதான்." அந்த இடத்தில் அலைச்சல் அடங்கிவிட்டது. இரண்டு கம்பியும் ஒரே சத்தமாகக் கேட்டது. அடிமட்டத்தை வைத்துப் பார்த்தோம். 12.4இல் இருந்த மெட்டு 12க்கு வந்திருந்தது. ஏறக்குறைய நான்கு மில்லிமீற்றர்.

போன் சொன்னதும் பொய்யில்லை. கிட்டாரில் எந்த இடத்திலிருந்தும் எந்தக் கோர்டையும் பிடிக்க வேண்டும். அதற்காக ஒரு ஸ்தாயியை, அதாவது ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை உள்ளதை, பன்னிரண்டு சமமான அரைச் சுரங்களாக வெட்டியிருக்கிறார்கள். அப்படி வெட்டும்போது பஞ்சமத்துக்கு நட்டமில்லை, அது அநேகமாகத் தன் இடத்திலேயே நிற்கிறது. காந்தாரம்தான் அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு மேலே தள்ளப்படுகிறது. கிட்டாரோடு வளர்ந்த காது அதைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பக்கத்திலேயே ஒரு ஷட்ஜம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஏற்றம் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஐந்து கட்டையில் ஷட்ஜம் நொடிக்கு 196 அதிர்வு. சுத்தமான காந்தாரம் அதில் நாலில் ஐந்து பங்கு, அதாவது 245. கிட்டார்க் கணக்கில் அது ஏறக்குறைய 247. இரண்டுக்கும் மேலே எழும் கிளைச் சுரங்கள் 980க்குப் பக்கத்தில் ஒன்றோடொன்று மோதி, நொடிக்கு ஏறக்குறைய எட்டு முறை படபடக்கும். வாசலில் உட்கார்ந்திருந்த தாத்தாவுக்குக் கேட்டது அந்தப் படபடப்புத்தான். ஒரு எண்ணும் தெரியாமல் அவர் கேட்டதை, எண்களை வைத்துக்கொண்டு நான் இங்கே விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

நூலை மடித்து

அடிமட்டத்தை வைத்துப் பார்த்த அந்தப் பிள்ளை விடவில்லை. "ஏன் சேர் சரியா பன்னெண்டு?" 60இல் 12 என்றால் எத்தனையில் ஒன்று என்று திருப்பிக் கேட்டேன். "அஞ்சுல ஒண்ணு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப பஞ்சமம் இருபது... மூணுல ஒண்ணு. மேல் ஷட்ஜம் முப்பது, ரெண்டுல ஒண்ணு. நாலுல ஒண்ணு எங்க சேர்? பதினஞ்சுல ஏதும் இருக்கா?" என்றாள். மோகனத்தில் இல்லாததால் நாங்கள் அங்கே மெட்டு கட்டியிருக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் ஒரு ஈர்க்குத் துண்டை நீட்டினேன். பதினைந்தில் கட்டி, அழுத்திச் சுண்டிப் பார்த்தாள். மத்தியமம், பிசகில்லாமல்.

அதற்குப் பிறகு அன்றைக்கு அடிமட்டம் தேவைப்படவில்லை. போல்ட்டிலிருந்து 60 சென்டிமீற்றருக்கு ஒரு தையல் நூலை வெட்டி, மடித்து மடித்தே இடம் கண்டுபிடித்தார்கள். இரண்டாய் மடித்தால் மேல் ஷட்ஜம், மூன்றாய் மடித்தால் பஞ்சமம், நான்காய் மடித்தால் மத்தியமம். மூன்றாய் மடித்த ஒரு மடிப்பைத் திரும்பவும் மூன்றாய் மடித்தால் ஒன்பதில் ஒன்று, அதுதான் ரிஷபம். ஐந்தாய் மடிப்பதுதான் கையில் நிற்கவில்லை, நூல் நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு பையன் கோடு போட்ட பெரிய சீஆர் கொப்பியை விரித்து வைத்தான். நூலின் பாதியை அதன் மேல் குறுக்கே சாய்த்து, ஒரு நுனி ஒரு கோட்டிலும் மறு நுனி அதிலிருந்து இருபத்தைந்தாவது கோட்டிலும் படும்படி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஐந்து கோட்டுக்கு ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டே போனான். கொப்பிக் கோடுகள் சம இடைவெளியில் ஓடுவதால் நூலும் சமமாக வெட்டுப்படும். அதில் இரண்டு பங்கு காந்தாரம், நான்கு பங்கு தைவதம். நிஷாதத்துக்குப் பஞ்சமத்திலிருந்து குதிரை வரை உள்ள நீளத்தை ஐந்தாக்கி ஒரு பங்கு எடுக்க வேண்டும், 28இல் வந்து நிற்கும். கணக்குப் பாடத்தில் பின்னம் என்றாலே தலையைக் குனியும் பிள்ளைகள் இவர்கள். இங்கே பின்னம் பிழைத்தால் காதில் படபடக்கிறது, இன்னொருவர் வந்து பிழை போடத் தேவையில்லை.

விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்தவர் என்பது நமக்குத் தெரிந்ததுதான். பழந்தமிழரின் யாழையும் அதன் சுரங்களையும் அவர் கணக்குப் போட்டே ஆராய்ந்தார், யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. மாணவனாக இருந்தபோது அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, இவ்வளவு கணக்கு எதற்கு என்று மூடி வைத்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். நூலை மடித்துக்கொண்டிருந்த அந்தப் பின்னேரத்தில் எனக்கு அது எதற்கு என்று விளங்கியது.

இன்னும் பின்னால் போனால், பெரும்பாணாற்றுப்படையில் மாடு மேய்க்கும் ஒருவன் வருகிறான். தீக்கொள்ளியால் துளை போட்டுத் தானே செய்த குழலை ஊதி அலுத்துப்போனதும், உள்ளே பொள்ளலான குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, வில் யாழ் செய்து விரலால் மீட்டுகிறான். அவன் வாசிப்பது குறிஞ்சி, மலைக்குரிய பண். காட்டில் சும்மா கிடைத்த கொம்பும் நாரும்தான் அவனுடைய சாமான். ஆனால் பாட்டில் அதைப் பார்த்து யாரும் இரங்கவில்லை, இடையனுக்கு இது போதும் என்று யாரும் சொல்லவில்லை. அவன் வாசிக்கும் பண்ணுக்குப் பெயர் சொல்லியிருக்கிறது. எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். பண்ணுக்குப் பெயர் சொல்ல வேண்டுமானால் அவனுடைய நரம்புகள் அந்தந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

எங்கள் லயங்களில் தோலுக்குக் குறைவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு) ஆள் எழுப்பியதிலிருந்து சாவு வீடு வரைக்கும் தப்பு. கோயிலுக்கு உடுக்கு. குரலுக்கும் குறைவில்லை, கொழுந்து பறித்துக்கொண்டே பாடிய பாட்டு எத்தனை, தாலாட்டும் ஒப்பாரியும் எத்தனை. கம்பி வாத்தியம்தான் கைக்கு எட்டாமல் இருந்தது. வீணையும் வயலினும் டவுனில் யாரோ வீட்டில் இருக்கும் பொருள், அதைப் படிப்பிக்கிறவர் இருப்பதும் டவுனில். அமெரிக்காவின் தெற்கே பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்கள், விளக்குமாற்றைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்துத் தங்கள் வீட்டுச் சுவரிலேயே ஆணியடித்து இழுத்துக் கட்டி, போத்தலால் அதன் மேல் வழுக்கி வாசித்தார்கள். புளூஸ் வாசித்தவர்கள் சிலருக்கு அந்த ஒற்றைக் கம்பிதான் முதல் வாத்தியம். 1950களின் நடுவில் பிரித்தானியாவில் பையன்கள் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் ஒரு தடியை நிறுத்தி, ஒற்றைக் கயிற்றைக் கட்டி பேஸ் வாசித்தார்கள். 1956இல் லிவர்பூலில் ஜோன் லெனன் தொடங்கிய குவாரிமென் குழுவிலும் அப்படி ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தேயிலை நிரம்பிப் போன ஒட்டுப்பலகைப் பெட்டிகள் அவை. எங்கள் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ஆணியடித்து ஏற்றிய பெட்டியும் அப்படி யாரோ ஒரு பையனின் கையில் வாத்தியமாகியிருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு மனது நிறைகிறது, கூடவே வலிக்கவும் செய்கிறது.

இவ்வளவு பாடுபடுவதற்கு நாலு கிட்டார் நன்கொடையாக வாங்கிவிடலாமே என்று கேட்கிறார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வயலினும் வீணையும் இந்தப் பிள்ளைகளுக்கு வர வேண்டும், ஒழுங்காகப் படிப்பிக்க ஆளும் வர வேண்டும். டின் வாத்தியம் அதற்கெல்லாம் பதில் என்று யாராவது எடுத்துக்கொண்டால் நான் செய்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். ஆனால் நன்கொடையாக வந்த கிட்டார்கள் அலுமாரிக்குள் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பி அறுந்தது, மாற்ற ஆளில்லை. தென்மேற்குப் பருவ மழையில் எங்கள் பக்கம் மாதக்கணக்கில் ஈரம் காயாது. கம்பி துருப்பிடிக்கும், ஒட்டு விடும், கழுத்து வளையும். டின் வாத்தியமும் துருப்பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் வாசித்து முடித்ததும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் கம்பியைத் துடைத்து வைக்க இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். குதிரை நகர்ந்தால் திரும்ப எங்கே வைப்பது என்றும் தெரியும். மெட்டு கழன்றால் நூலை எடுப்பார்கள். அந்தத் தாத்தாவின் பேரன் இப்போது தன்னுடையதற்கு ஈர்க்கை எடுத்துவிட்டு, இரும்புக் கம்பியைத் துண்டாக்கி மெழுகில் பதித்து மெட்டு வைத்திருக்கிறான். வீணையில் அப்படித்தான் மெழுகில் பதிப்பார்கள் என்று சொன்னது மட்டும்தான் நான். வெயில் பட்டால் அவனுடைய மெழுகுதிரி மெழுகு இளகிவிடுகிறது. குங்கிலியம் கலந்து பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், தேடிக்கொண்டிருக்கிறான்.

தாத்தா இப்போது அடிக்கடி வருகிறார். புதிதாக ஒரு டின் முடிந்தால் அவர் கேட்டுத் தலையாட்டும்வரை நாங்கள் மெட்டை ஒட்டுவதில்லை. மேல் ஷட்ஜத்தில் அவர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், காந்தாரத்தில் விடமாட்டார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது மூன்றாவது கம்பி வேண்டுமாம், கீழ் ஷட்ஜத்துக்கு. சுற்றுக்கம்பி ஒன்று வாங்கிக் கட்டினோம். சுருதி நிற்கிறது, ஆனால் அதைச் சுண்டும்போது டின்னின் முகம் முழுவதும் கரகரக்கிறது. தகரம் அந்தக் கனத்துக்கு மெல்லியது. குதிரைக்கு நேர் கீழே உள்பக்கம் ஒரு பலகைத் துண்டை ஒட்டினால் அடங்கும் என்கிறாள் அவள். குதிரையின் காலை அகலமாக்கி அழுத்தத்தைப் பரப்பலாம் என்பது என் யோசனை. பலாப்பலகையில் ஒரு துண்டு தருவதாகத் தச்சு பாஸ் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை முதலில் அவள் சொன்னதைச் செய்து பார்க்கப் போகிறோம்.